27 வயதில் மறுபடியும் அப்ரண்டிஸாகப் போகலாமா?

வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 27. ஃபிட்டர் பயிற்சி முடித்து ஐந்து வருடமாக ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. கிரேன், ஹாய்ஸ்ட், கம்ப்ரசர் டேங்க் எல்லாம் கைபழகியவை. கிரேன், சங்கிலி, லிஃப்ட், பிரஷர் வெசல் (அழுத்தக் கலன்) போன்றவற்றைப் பரிசோதித்துச் சான்று தரும் நிறுவனம் ஒன்று மூன்று வருட அப்ரண்டிஸ் பயிற்சிக்கு இப்போது அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. உதவித்தொகை, இப்போது வாங்கும் சம்பளத்தில் பாதிதான். மனைவி சரி என்கிறார். அண்ணன் மட்டும், "அஞ்சு வருஷம் வேலை பார்த்துட்டு மறுபடி ஹெல்பராப் போறியா?" என்கிறார். நண்பர் ஒருவர் ஐந்து நாள் வகுப்பு போனாலே "இன்ஸ்பெக்டர் சான்றிதழ்" கிடைக்கும், மூன்று வருடம் எதற்கு என்று கேட்கிறார். ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன: அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும், பயிற்சி முடிந்து இரண்டு வருடத்துக்குள் விலகினால் "நிறுவனம் நிர்ணயிக்கும் தொகையை" கட்ட வேண்டும். கண்ணாடி போடுகிறவர், அதில் சிக்கல் வருமா என்று ஒரு பயம். கடைசியில் ஒரு வரி: "எங்கள் கிரேனின் மாதாந்திரச் சோதனைப் படிவத்தில் ஆறு மாதமாக நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். சில மாதம் பார்த்துப் போட்டேன், சில மாதம் படிவம் மேசைக்கு வந்தது, போட்டேன். இதைப் பரிசோதனை அனுபவமாகக் காட்டலாமா?"

தம்பி, உங்களுக்குப் பெரிய கேள்வி சம்பளம் என்று தெரிகிறது. 28 வருடமாகப் பரிசோதகர் வேலையில் இருக்கும் எனக்கு உறுத்தியது அந்தக் கடைசி வரிதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கோபமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குப் பிடித்தது.

அந்த ஆறு கையெழுத்து

ஒரு கிரேனை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்க்கிறார்கள். ஓட்டுகிறவர் ஷிஃப்ட் தொடங்கும்போது பிரேக் பிடிக்கிறதா, ஹூக் அளவுக்கு மேல் ஏறாமல் நிறுத்தும் மேல் லிமிட் சுவிட்ச் வேலை செய்கிறதா, ஹூக்கின் லாட்ச் மூடுகிறதா என்று பார்ப்பார். இது தினசரிப் பார்வை. மெயின்டனன்ஸ் ஆட்கள் மாதம் ஒருமுறை கிரீஸ், போல்ட், பிரேக் லைனிங், வயர் ரோப் என்று பார்ப்பது இரண்டாவது. மூன்றாவதாக வருபவர் அந்தக் கிரேனைப் பழுது பார்த்தவராகவும் இருக்கக் கூடாது, அது ஓடினால்தான் தனக்கு லாபம் என்றிருப்பவராகவும் இருக்கக் கூடாது. அவர் செய்வதுதான் முழுப் பரிசோதனை. நீங்கள் போட்டவை இரண்டாவது வகைக் கையெழுத்துகள்.

பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு தூக்குகருவி விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களைத் தூக்கும் கருவிகளுக்கும், சுமையைக் கிரேனில் மாட்டப் பயன்படும் ஷாக்கிள், ஸ்லிங் போன்ற துணைக் கருவிகளுக்கும் பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை வேண்டும்; மற்ற தூக்குகருவிகளுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை. பலத்த காயம் உண்டாக்கும் அளவுக்கு ஆபத்தான குறையைக் கண்டால், பரிசோதகர் அறிக்கையின் நகலை முதலாளிக்குக் கொடுத்தால் மட்டும் போதாது, அரசின் அமலாக்க அமைப்புக்கும் அனுப்ப வேண்டும். பல நாடுகளில் இதுபோன்ற ஏற்பாடு உண்டு, கால அளவு மட்டும் மாறும். மெயின்டனன்ஸ் ஆளே இந்த மூன்றாவது வேலையையும் செய்தால், தன் விடைத்தாளைத் தானே திருத்தின கதைதான்.

எனவே பயோடேட்டாவில் "மெயின்டனன்ஸ் வேலையில் ஐந்து வருட அனுபவம்" என்று எழுதுங்கள், அது உண்மை. "பரிசோதகராக ஆறு மாதம்" என்று எழுதாதீர்கள். நேர்முகத்தில் உட்கார்ந்திருப்பவர் இந்தத் துறையிலேயே ஊறியவராக இருப்பார். இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்.

பார்க்காமல் போட்ட கையெழுத்துகளுக்கு என்ன செய்வது? பழைய படிவங்களில் கை வைக்காதீர்கள். திருத்துவது, பின்தேதி போட்டுச் சேர்ப்பது, கிழிப்பது எல்லாம் ஒரு தப்பை இரண்டாக்கும் வேலை. சூப்பர்வைசருக்கு நாலு வரியில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: "இன்னின்ன மாதப் படிவங்களில் ரோப், ஹூக், பிரேக் ஆகியவற்றை நான் முழுதாகப் பார்க்கவில்லை. கிரேனை நிறுத்தி ஒருமுறை முழுமையாகப் பார்க்க நேரம் ஒதுக்கித் தரவும்." நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். அவருக்கு இது பிடிக்காமல் போகலாம், முகம் கொடுத்துப் பேசாமலும் இருக்கலாம். அந்த அபாயத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஹூக்குக்குக் கீழே நடமாடுகிறவர்கள் உங்கள் கூட வேலை பார்க்கிறவர்கள்தான். நாளைக்கு ஏதாவது அறுந்து விழுந்தால் முதலில் தேடுவது அந்தப் படிவத்தைத்தான். அதில் இருக்கும் பெயர் மேனேஜருடையது அல்ல.

இனி வரும் படிவங்களில், பார்த்ததை மட்டும் டிக் செய்யுங்கள். பார்க்காததற்கு நேராக "பார்க்கவில்லை, கிரேன் ஓட்டத்தில் இருந்தது" என்று எழுதுங்கள். கேட்க அசடு வழிகிற மாதிரி இருக்கும். எங்கள் தொழிலில் இது கௌரவமான வாக்கியம். நல்ல பரிசோதனை அறிக்கையில், எந்தெந்தப் பகுதியை எட்ட முடியவில்லை, திறக்க முடியவில்லை என்பதும் எழுதியிருக்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பிராக்டன் நகரில் 1905 மார்ச் 20 அன்று ஒரு ஷூ தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து 58 பேர் செத்தார்கள். தகட்டின் மேல் தகடு ஏறி ரிவெட் அடித்திருந்த மடிப்புக்குள் விரிசல் இருந்திருக்கிறது. வெளியிலிருந்து எத்தனை முறை பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத இடம். அந்த விபத்துக்குப் பிறகுதான் அந்த மாநிலம் 1907இல் பாய்லர் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் பாய்லர் விதிநூல் 1915இல் வெளியானது. "குறை எதுவும் தெரியவில்லை" என்பதும் "அந்த இடத்தைப் பார்க்க வழியில்லை" என்பதும் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ள எனக்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ஐந்து நாள் வகுப்பு பற்றி

உங்கள் நண்பர் சொல்வது முழுப் பொய்யில்லை. அப்படி வகுப்புகள் இருக்கின்றன, சிலது தரமானவையும்கூட. ஆனால் கையில் தருவது பெரும்பாலும் வகுப்புக்கு வந்ததற்கான சான்றுதான், தகுதிச் சான்று இல்லை. அட்டையின் பளபளப்பு ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால்தான் குழப்பம்.

விரிசலைக் கண்டுபிடிக்கும் அல்ட்ராசோனிக், காந்தத்துகள் சோதனை போன்ற முறைகளுக்கு ஐஎஸ்ஓ 9712 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. அதில் மூன்று நிலைகள். முதல் நிலைக்காரர் மேலே உள்ளவர் எழுதிக் கொடுத்த முறைப்படி, மேற்பார்வையில் வேலை செய்வார். முடிவைப் பொருள்கொண்டு அறிக்கை தருவது இரண்டாம் நிலையில்தான். ஒவ்வொன்றுக்கும் பயிற்சி மணிநேரம், களத்தில் செய்த அனுபவ காலம், தேர்வு மூன்றும் வேண்டும். சான்றின் ஆயுள் 5 வருடம், அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. எஸ்என்டி-டிசி-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டுதலின்படி, நிறுவனமே தன் எழுத்துப்பூர்வமான நடைமுறை ஒன்றை வைத்துக்கொண்டு தன் ஊழியருக்குச் சான்று கொடுக்கும். இதில் தப்பில்லை. ஆனால் வேலையை விட்டால் சான்றும் அங்கேயே தங்கிவிடும். புதிய நிறுவனம் மறுபடி தன் முறைப்படி உங்களைச் சோதித்துச் சான்று தர வேண்டும். பலர் இதை விலகுகிற அன்றுதான் தெரிந்துகொள்கிறார்கள். மூன்று வருடம் முடியும்போது உங்கள் கையில் வரப்போவது இந்த இரண்டில் எது என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இவையெல்லாம் விரிசலைக் கண்டுபிடிக்கும் முறைகளுக்கான சான்றுகள். கிரேனுக்கோ பாய்லருக்கோ "ஓட்டலாம்" என்று எழுதும் தகுதி தனி. அதை யார் கொடுப்பது, எத்தனை வருட அனுபவம் கேட்பது என்பது நாட்டுக்கு நாடு, கருவிக்குக் கருவி மாறும்.

மூன்று வருடம் எதற்கு என்ற கேள்விக்கு, என் முதல் வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மேல்நிலை கிரேன். 18 மில்லிமீட்டர் வயர் ரோப். தடிமனை அளக்க நான் வெர்னியரை வைத்தேன், 16.2 காட்டியது. சரியாகப் பத்து சதவீதம் தேய்மானம்! "ரோப் போச்சு சார், மாத்தணும்" என்று துள்ளிக்கொண்டு சொன்னேன். என் சீனியர் ஒன்றும் பேசவில்லை. வெர்னியரை வாங்கி, அதே இடத்தில் கொஞ்சமாகத் திருப்பி வைத்தார். 17.8.

ஆறு புரி, அதாவது முறுக்கிய கம்பிக் கற்றைகள் ஆறு சேர்ந்த ரோப்பில் இரண்டு புரிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தின் மேல் தாடை உட்கார்ந்தால், புது ரோப்பே தேய்ந்ததுபோலத்தான் காட்டும். எதிரெதிர்ப் புரிகளின் மேட்டைப் பிடித்து அளக்க வேண்டும். அதே இடத்தில் செங்குத்தாக இன்னொரு முறையும் அளக்க வேண்டும். புத்தகத்தில் இது ஒரு படம், ஒரு வரி. நான் படித்திருந்தேன். கை படிக்கவில்லை.

கதை அதோடு முடியவில்லை. ஹூக் பிளாக்கைத் தரையில் இறக்கி வைக்கச் சொன்னார். மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுக்குத் தன் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினார். நேராக, ரோப்பின் இரு பக்க இழுவையையும் சமன்செய்யும் ஈக்குவலைசர் புல்லியிடம் போனார். அங்கே ரோப் ஓடுவதில்லை, லேசாக அசையும், அவ்வளவுதான். ஓடாத இடம் தேயாது என்று நினைத்து அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தளர்ந்திருந்த ரோப்பைப் புல்லியிலிருந்து சற்றே தூக்கி, இரு கையாலும் மெல்ல வளைத்தார். புரிகளுக்கு நடுப்பள்ளத்தில், அதுவரை கண்ணில் படாத இழைகள் முள்ளு முள்ளாக எழுந்து நின்றன. மேட்டில் தேய்ந்து உடையும் இழையைவிடப் பள்ளத்தில் உடையும் இழை கெட்ட சகுனம். ரோப் உள்ளுக்குள் வீணாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ரோப்பை மாற்றச் சொல்லித்தான் அறிக்கை போனது. "நான் சொன்னது சரிதானே சார்?" என்று கேட்டேன். "ரோப்பை மாத்தணும்னு சொன்னது சரி. காரணம் தப்பு. தப்பான காரணத்தை எழுதியிருந்தா, அவங்க ஆள் ஒருத்தன் வந்து அளந்து பார்த்துட்டு, ரோப் நல்லாத்தான் இருக்குன்னு மறுபடி ஓட்டியிருப்பான்" என்றார்.

தம்பி, அன்றைக்கு என் 16.2க்குக் கீழே என் பெயர் இல்லை, அவர் பெயர்தான் இருந்தது. அதனால்தான் என் தப்பு ஒரு பாடமாக முடிந்தது. அப்ரண்டிஸ் காலம் என்பது என்னைப் பொறுத்தவரை இதுதான்: இன்னொருவர் கையெழுத்தின் நிழலில் நின்று தப்பாகச் சொல்லிப் பழகும் காலம். ஐந்து நாள் சான்றோடு நேராகக் களத்தில் இறங்குகிறவருக்கு அந்த நிழல் கிடையாது.

அண்ணன் சொன்னதும் பாதிச் சம்பளமும்

ஹெல்பராகப் போகவில்லை நீங்கள். ஆனால் முதல் ஆறு மாதம் ஹெல்பர் மாதிரிதான் இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். சீனியரின் பையைத் தூக்குவீர்கள், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் துடைத்துக் கொடுப்பீர்கள், அவர் சொல்லச் சொல்ல எழுதுவீர்கள். உங்களைவிட ஐந்து வயது சின்னவர் உங்களுக்கு முன்னால் சேர்ந்திருந்தால் அவர் உங்களுக்குச் சொல்லித் தருவார். இதைத் தாங்கிக்கொள்ள முடியுமா என்று மட்டும் யோசியுங்கள்.

உங்கள் ஐந்து வருடம் வீண் என்று அண்ணன் நினைக்கிறார், நீங்களும் பாதி நம்பிவிட்டீர்கள். பிரேக் லைனிங்கைக் கழற்றி மாட்டிய கைக்கு, அது எங்கே முதலில் தேயும் என்று தெரியும். கல்லூரியிலிருந்து நேராக வருகிறவருக்கு அதைக் கற்றுக்கொடுக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகிறது. உங்களுக்கு வேறொரு பழக்கத்தை விடவைக்க வேண்டியிருக்கும்: குறையைக் கண்டதும் ஸ்பானரை எடுக்கும் பழக்கம். பரிசோதகர் சரிசெய்வதில்லை. பார்த்து, அளந்து, எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மெயின்டனன்ஸிலிருந்து வந்தவர்களுக்கு இது கையைக் கட்டிப்போட்டதுபோல இருக்கும்.

முன் அனுபவத்தை வைத்துப் பயிற்சிக் காலத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023இல் தரமான தொழிற்பழகுநர் பயிற்சி குறித்து 208ஆம் எண் பரிந்துரை ஒன்றை ஏற்றது. ஏற்கெனவே கற்றதைக் கணக்கில் எடுத்துக் காலத்தைக் குறைக்கலாம் என்பது அதிலேயே இருக்கிறது. பரிந்துரை என்பது சட்டம் அல்ல, உங்கள் நாடு எந்த அளவுக்கு ஏற்றிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான். ஆனாலும் கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. உதவித்தொகை வருடா வருடம் ஏறுமா, வெளியூர் வேலைக்குப் பயணச் செலவு யாருடையது என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள். பரிசோதகர் வேலை பாதி நாள் பயணத்தில்தான் கழியும்; அந்தச் செலவு உங்கள் பையிலிருந்து போனால் பாதிச் சம்பளம் கால் சம்பளமாகிவிடும்.

கணக்கு எப்படிப் போட்டாலும் இடிக்கிறது என்றால், இந்த வருடம் வேண்டாம் என்று முடிவெடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கடன் வாங்கிக்கொண்டு பயிற்சிக்கு வந்து, நடுவில் விட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். "எல்லா நிறுவனத்திலும் கேட்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் கேட்பதால் அது சரியாகிவிடாது. சரிபார்க்க அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலோடு வீட்டுக்கு வாருங்கள். மீறியும் வற்புறுத்தினால், எதற்காக வைத்துக்கொள்கிறார்கள், எப்போது திருப்பித் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாகவே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பட்டியலிட்டிருக்கிறது. படிப்புச் சான்றிதழ் அதே வகையில் வராமல் போகலாம், ஆனால் ஆளை நகரவிடாமல் வைக்கும் நோக்கம் ஒன்றுதான். பிறருடைய பாதுகாப்பைச் சரிபார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனம் இப்படிக் கேட்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது.

இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அசலைக் கேட்பதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். தேர்வுக்கும் பயிற்சிக்கும் செலவு செய்கிற நிறுவனம் கொஞ்ச காலம் இருங்கள் என்று கேட்பது நியாயமே. "நிறுவனம் நிர்ணயிக்கும் தொகை" என்பதுதான் கோளாறு. என்ன தொகை? எதற்கான தொகை? அது இலக்கத்தில் எழுதப்பட வேண்டும். உண்மையில் ஆன பயிற்சி, தேர்வுச் செலவைத் தாண்டக் கூடாது. நீங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு மாதத்துக்கும் அது குறைந்துகொண்டே வர வேண்டும். நிறுவனமே உங்களை அனுப்பினாலோ, வேலையில் அடிபட்டு விலக நேர்ந்தாலோ எதுவும் கட்ட வேண்டியதில்லை என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். இத்தகைய பாண்டுகள் எந்த அளவு செல்லும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். கையெழுத்துக்கு முன்னால் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். நான் பரிசோதகன், வக்கீல் இல்லை.

ஒப்பந்தத்தில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

- வாரத்தில் எத்தனை நாள் களம், எத்தனை நாள் வகுப்பு. எந்தெந்தக் கருவிகளில் பயிற்சி. "தேவைக்கேற்ப" என்று மட்டும் இருந்தால் மூன்று வருடமும் ஷாக்கிள் எண்ணுவதிலேயே போய்விடலாம்.
- உங்கள் பயிற்சிப் பதிவேட்டில் யார் கையெழுத்திடுவார், அதன் நகல் உங்களிடம் இருக்குமா.
- பயிற்சியின்போது அடிபட்டால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு.
- பயிற்சி முடியும்வரை எந்த அறிக்கையிலும் நீங்கள் தனியாகக் கையெழுத்திட வேண்டியதில்லை என்ற வரி. இது இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஆள் பற்றாக்குறை வரும் மாதத்தில், "நீயே போட்டு அனுப்பிடு" என்று போன் வரும். அப்போது காட்ட ஒரு தாள் வேண்டும்.

நிறுவனம் எந்த வகை என்பதையும் விசாரியுங்கள். பரிசோதனை அமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17020 தரத்தில் ஏ, பி, சி என்று மூன்று வகை இருக்கிறது. ஏ வகை முற்றிலும் மூன்றாம் தரப்பு: தான் பரிசோதிக்கும் பொருளைத் தயாரிப்பதோ விற்பதோ பழுது பார்ப்பதோ கிடையாது. பி வகை ஒரு பெரிய நிறுவனத்தின் தனிப் பிரிவாக இருந்து அந்த நிறுவனத்துக்கு மட்டும் பரிசோதிக்கும். சி வகை தயாரிப்பு, பராமரிப்பு போன்றவற்றோடும் தொடர்புள்ளது, வெளியாருக்கும் பரிசோதிக்கும். ஒரே ஆள் இரண்டு வேலையையும் பார்க்காதபடி பிரித்து வைத்திருக்க வேண்டும். கற்றுக்கொள்ள மூன்றுமே நல்ல இடங்கள்தான். ஆனால் ரோப் விற்கும் கம்பெனியே ரோப்பைப் பரிசோதிக்கும் இடத்தில் நீங்கள் பழகினால், "மாற்ற வேண்டும்" என்று எழுதும்போதெல்லாம் யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்வி கூடவே வரும். முடிந்தால் ஏ வகையில் தொடங்குங்கள்.

கண்ணாடியும் மற்ற பயங்களும்

கண்ணாடி ஒரு தடையே இல்லை. ஐஎஸ்ஓ 9712 கேட்பது, குறைந்தது 30 சென்டிமீட்டர் தூரத்தில் மிகச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும் என்பதைத்தான். கண்ணாடி போட்டுப் படித்தாலும் ஏற்பார்கள். கிட்டப்பார்வையை வருடத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள். நிறங்களைப் பிரித்தறிவதையும் பார்ப்பார்கள், அதில் சந்தேகம் இருந்தால் சேருவதற்கு முன்பே ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நானும் 20 வருடமாகக் கண்ணாடிதான்.

நீங்கள் கேட்காத ஒன்று: பரிசோதிக்கிறவர் சாவதும் நடக்கிறது. டேங்க்குக்குள் தலையை நுழைக்கும் முன் காற்றை அளக்காமல் விடாதீர்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே இறங்கினால் உள்ளே போகக் கூடாது. நெடுநாள் மூடிக்கிடந்த இரும்பு டேங்க்கில், வாயு எதுவும் கசியாமலே, துருப்பிடிக்கும் வேலையே ஆக்சிஜனைத் தின்றுவிடும். மணம் இருக்காது, எச்சரிக்கை இருக்காது. வெளியே காவலுக்கு ஆள் இல்லாமல் நுழைய வேண்டாம். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற அப்படியே பின்னால் குதிப்பவரும் விழுவார் என்பதால், அந்தக் காவல் ஆள் உள்ளே போகக் கூடாது, உதவிக்குத்தான் கூப்பிட வேண்டும். பிரஷர் சோதனையைத் தண்ணீரில் செய்வதா காற்றில் செய்வதா என்று வந்தால் தண்ணீர் என்று சொல்லிப் பழகுங்கள். தண்ணீர் அவ்வளவாக அமுங்காது, வெசல் பிளந்தால் நனைவதோடு போகலாம். அழுத்தி அடைத்த காற்று வெடிகுண்டு மாதிரி. சீனியர் அவசரத்தில் இதையெல்லாம் தாண்டச் சொன்னால், அப்ரண்டிஸுக்கும் "மாட்டேன்" என்று சொல்லும் உரிமை உண்டு. அதற்காக உங்களைத் திட்டுகிற நிறுவனம் என்றால், பாண்டைக் கட்டியாவது வெளியே வந்துவிடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், அசலைக் கேட்கும் நிபந்தனையை நீக்கி, தொகையை இலக்கத்தில் எழுதித் தந்தால் சேருங்கள் என்பேன். இரண்டில் ஒன்றைக்கூட அசைக்க மாட்டோம் என்றால் வேறு நிறுவனத்தைத் தேடுங்கள், ஐந்து வருட ஃபிட்டருக்கு இடம் கிடைக்கும். நிறுவனத்திடமிருந்து பதில் வர எப்படியும் இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் அடுத்த மாதப் படிவம் உங்கள் மேசைக்கு வந்துவிடும். ஒரு வெர்னியர், ஒரு டார்ச், கொஞ்சம் பழந்துணி, தடித்த கையுறை எடுத்துக்கொண்டு, கிரேனை நிறுத்திப் பூட்டுப் போட்டபின் ஏறுங்கள். ஈக்குவலைசரில் தொடங்குங்கள்.